வேகம் இருக்கு... முறை இருக்கா?

இரவு எட்டரை மணி. பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குவைத்தில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய அப்பா வாட்ஸ்அப் வீடியோவில் வருகிறார். அவர் முகம் பளிச்சென்று தெரிகிறது, குரலும் தெளிவு. ஆனால் இந்தப் பக்கம் பேசுவது எதுவும் அவருக்கு எட்டவில்லை. "நீ பேசுதது ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. நெட்டைப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் உடனே ஸ்பீட் டெஸ்ட் போடுகிறான். 94 எம்.பி.பி.எஸ். என்று வருகிறது. "நம்ம நெட்டு நல்லாத்தான் இருக்கும்மா. அப்பாவுக்கு அங்கனதான் ஏதோ கோளாறு."

கோளாறு அங்கன இல்லை. அவன் கையில் இருக்கும் அதே செல்போனில் இருக்கிறது. மதியம் போய்வந்த கல்யாணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான போட்டோக்களையும் வீடியோக்களையும் அது தன்பாட்டுக்கு கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கீழே இறங்கும் வேகத்தைப் பார்த்த பையன், மேலே போகும் வழி அடைத்துக்கிடப்பதைப் பார்க்கவில்லை.

நெல்லைச் சீமையில் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இது பழகிய தொல்லை. எல்லோரும் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான்: "பிளானை மாத்துங்க, 200க்குப் போங்க." மாதச் செலவு கூடும். போட்டோ கொஞ்சம் சீக்கிரம் ஏறி முடியும். அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி இதே கதை. அந்த வீட்டில் வேகத்துக்குப் பஞ்சமில்லை. வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்ற ஒழுங்குதான் இல்லை. கணினி வலையமைப்புத் துறையில் இதைச் சேவைத் தரம் என்றும் நியாயப் பங்கீடு என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். நாற்பது வருடமாக நடக்கும் வாதம் அது. புரிந்துகொள்ள நமக்குத் தாமிரபரணிப் பாசனம் போதும். நடைமுறையில் செய்துகாட்டியது யார் என்று கேட்டால், தேனியில் ஒரு கண் ஆஸ்பத்திரியைக் காட்டலாம்.

வாலில் நிற்கும் குரல்

இணையத்தில் எதுவும் முழு உருவமாகப் போவதில்லை. போட்டோவோ சினிமாவோ குரலோ, பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டே போகிறது. ஒரு போட்டோவை நறுக்கினால் முழு அளவுப் பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் வரும். குரலுக்கு 20 மில்லிவிநாடிக்கு ஒன்று போதும், அதுவும் 200 பைட் சுமாருக்கு ஒரு பொடிப் பாக்கெட். போட்டோ அரை மணி நேரம் தாமதித்துப் போனாலும் போட்டோதான். குரல் அரை விநாடி தாமதித்தால் பேச்சே கெட்டுவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்திருக்கும் அளவுகோல்.

கம்பி தாங்குவதைவிட அதிகமாகப் பாக்கெட்டுகள் வந்தால் ரவுட்டர் அவற்றை 'பஃபர்' என்ற நினைவகத்தில் தேக்கி, வந்த வரிசைப்படி அனுப்பும். மேலே அனுப்ப 10 எம்.பி.பி.எஸ். மட்டும் உள்ள இணைப்பில் 1 மெகாபைட் பஃபர் நிரம்பியிருப்பதாகக் கொள்வோம். 1 மெகாபைட் என்பது 80 லட்சம் பிட். விநாடிக்கு ஒரு கோடி பிட் போகும் வழியில் அது வடிய 0.8 விநாடி பிடிக்கும். இப்போது அம்மா கேட்கும் "சாப்ட்டீங்களா" வந்து வரிசையின் வாலில் நிற்கிறது. வீட்டு வாசலைத் தாண்டவே அதற்கு 800 மில்லிவிநாடி. குவைத் பயணம் அதற்குப் பிறகுதான். 150 எங்கே, 800 எங்கே!

2010ல் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தன் சொந்த வீட்டு இணைப்பில் இதே நோயைக் கண்டு, அதற்கு 'பஃபர்புளோட்', அதாவது பஃபர் வீக்கம், என்று பெயர் வைத்தார். நினைவகச் சிப்பின் விலை விழ விழ, ஒரு பாக்கெட்டும் சிந்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ரவுட்டர் செய்பவர்கள் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பாக்கெட் சிந்தவில்லை. அதற்கு விலையாகத் தாமதம் தேங்கியது.

ஆற்றுக் கணக்கு

பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் வரை, 125 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் தாமிரபரணியை எட்டு அணைக்கட்டுகள் மறிக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தில், 1873ல் வந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்கள் 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கின்றன.

இந்த ஆற்றில் இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம். முதலாவது, முன்னுரிமை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி தாண்டி விருதுநகர் மாவட்டம் வரை இந்த ஆற்றுக் குடிநீர் போகிறது. பாசனத்தோடு ஒப்பிட்டால் அளவு சிறியது, ஆனால் ஒருநாள் நின்றாலும் குடத்தோடு சாலைமறியல்தான். ஆகவே குடிநீருக்கு முதலிடம். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது, பங்கு. குடிநீர் போக மிஞ்சியதில் கோடைமேலழகியானுக்கு எவ்வளவு, மருதூர் மேலக்காலுக்கு எவ்வளவு? இங்கேதான் சண்டை. அணையில் நீர் குறைந்த வருஷம் கார் சாகுபடிக்கு எல்லாக் கால்களையும் ஒருசேரத் திறந்துவிட முடியாது. எந்தக் காலுக்கு, எந்தத் தேதி வரை, எத்தனை கனஅடி என்று அரசு உத்தரவு வரும். கடைமடைக்காரர்கள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 20 மில்லியன் காலன்) திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. எதன்மீது சண்டை என்பது மட்டும் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். கனஅடிக் கணக்கு பேப்பரில் வருகிறது, ஷட்டர் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். இணையத்தில் ஷட்டர் எங்கே இருக்கிறது, அதை யார் ஏற்றி இறக்குகிறார் என்று கேட்டுப்பாருங்கள். காசு கட்டுகிறவருக்குத் தெரியாது. பல இடங்களில் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போன பையனுக்கும் தெரியாது.

பஃபர் வீங்கும் கதைகூட இங்கே புதிதில்லை. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். மேல்குளம் எவ்வளவு பெரிதோ, கீழ்க்குளத்துக்காரர் காத்திருப்பும் அவ்வளவு பெரிது.

ஒப்புமை ஓரிடத்தில் உடைந்துபோகும். இன்று திறக்காத தண்ணீர் பாபநாசம் அணையில் நாளைக்கும் இருக்கும். இந்த விநாடி யாரும் எடுக்காத இணைய வேகம் அடுத்த விநாடிக்கு மிஞ்சாது, போனது போனதுதான். அதனால் இணையத்தில் "உன் பங்கு இவ்வளவுதான்" என்று நிரந்தர வரப்பு கட்டுவது வீண்செலவு. போட்டிக்கு ஆளில்லாதபோது முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வந்த கணமே அவர் பங்கு அவருக்குப் போய்விட வேண்டும். இதைத் தானாகச் செய்யும் வரிசையைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

400 கஜத்தில் நின்ற இணையம்

1986 அக்டோபர். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம். விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென 40 பிட்டுக்கு விழுந்தது. நடந்தே போய்ச் சேதி சொல்லிவிட்டு வரலாம். ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து காரணத்தைத் தோண்டினார். நெரிசலில் பாக்கெட் தொலைந்தால் கணினிகள் அதையே மறுபடி அனுப்பின. அதுவும் நெரிசலில் தொலைந்தது. மறுபடி அனுப்பின. வழி முழுக்கப் பழைய பாக்கெட்டுகளின் மறுபதிப்புகள்.

1988ல் ஜேக்கப்சன் வெளியிட்ட வைத்தியம் இன்றும் நம் செல்போன் வரை ஓடுகிறது. பாக்கெட் தொலையாதவரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஒன்று தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறை. உத்தரவு போட மேலே ஒருவரும் இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தானாக அடங்கிப்போகும் ஏற்பாடு. கம்ப்யூட்டர் உலகத்தில் இவ்வளவு நாகரிகமான இன்னொரு ஒப்பந்தம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. பாக்கெட் தொலைந்தால்தான் அடங்கும். பஃபர் பெரிதாக இருந்தால் தொலையவே தொலையாது, வரிசைதான் நீளும். பாளையங்கோட்டை வீட்டில் நடந்தது இதுதான்.

அடங்காதவர்களை என்ன செய்வது? 1985லேயே ஜான் நேகிள் என்பவர் வழி சொல்லியிருந்தார். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதே, ஆளுக்கொரு வரிசை வை, சுற்றிச் சுற்றி ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பாக்கெட் எடு. பேராசைக்காரர் ஆயிரம் பாக்கெட்டைக் குவித்தால் அவர் வரிசைதான் நீளும், அடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. இதில் பெரிய பாக்கெட் அனுப்புகிறவருக்குக் கூடுதல் லாபம் கிடைத்தது. 1989ல் ஆலன் டெமர்ஸ், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த எஸ். கேசவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் பாக்கெட்டை எண்ணாமல் பிட்டை எண்ணும் கணக்கைக் கொடுத்து அதைச் சரிசெய்தார்கள். கணக்கு சரி, ஆனால் ரவுட்டருக்கு வேலை அதிகம். 1995ல் எம். ஸ்ரீதரும் மும்பை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர் ஜார்ஜ் வர்கீஸும் அதையும் எளிதாக்கினார்கள். சுற்றுக்கு இவ்வளவு பைட் என்று ஆளுக்கு ஒரு பங்கு. தலையில் நிற்கும் பாக்கெட் பங்கைவிடப் பெரிதென்றால் இந்தச் சுற்றில் பொறுத்துக்கொள், மிச்சப் பங்கை அடுத்த சுற்றில் சேர்த்து எடுத்துக்கொள். முறைப்பாசனம் பார்த்த எந்தக் கிழவரும் இதற்குத் தலையாட்டுவார்.

மிச்சமிருந்த பஃபர் வீக்கத்துக்கு 2012ல் கேத்லீன் நிகோல்ஸும் அதே ஜேக்கப்சனும் மருந்து கொடுத்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார். 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பு தொடர்ந்து நீடித்தால் ஒன்றிரண்டைத் தூக்கி எறி, அனுப்புகிறவர் அடங்கிவிடுவார். ஆளுக்கொரு வரிசையும் இந்தக் கடிகாரமும் சேர்ந்த 'எஃப்.க்யூ. கோடெல்' முறை 2018ல் இணையத்தின் அதிகாரபூர்வ ஆவண வரிசையில் ஏறியது.

"ஆளுக்கொரு வரிசை" என்பதில் ஆள் யார் என்ற வம்பு மட்டும் தீரவில்லை. பெரும்பாலும் ஒரு தொடர்பை ஓர் ஆளாகக் கணக்கிடுகிறார்கள். ஒரே கோப்பை இறக்க ஒருவர் 16 தொடர்பு திறந்தால் அவருக்கு 16 பங்கு, ஒற்றைத் தொடர்பில் பாடம் கேட்கும் மாணவிக்கு ஒரு பங்கு. ஒரே வயலுக்கு 16 மடை வைத்தவர் கதை. 2007ல் பாப் பிரிஸ்கோ என்ற ஆங்கிலேயர், தொடர்புவாரி நியாயம் என்பதே வெறும் மதநம்பிக்கை என்று சாடி ஒரு கட்டுரை எழுதினார். கொஞ்சம் காரம் அதிகம்தான், ஆனால் அடிப்படையில் அவர் சொன்னது சரி. தொடர்பை விட்டுவிட்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு தரும் 'கேக்' போன்ற முறைகள் பின்னால் வந்தன.

தேனியில் வைத்த முறை

அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். தேனியில் 1985லும் திருநெல்வேலியில் 1988லும் கிளைகள் வந்தன. பார்வை குறைந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிப் படியே ஏறுவதில்லை. பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வர ஆள் என்று எல்லாம் சேர்ந்தால் "இருக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றுதான் முடியும். இதற்காகச் சிற்றூர்களில் 'விஷன் சென்டர்'கள் திறக்கலாம் என்று முடிவானது. அங்கே டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுப்பார். டாக்டர் தேனியில் உட்கார்ந்தபடி வீடியோவில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார்.

2000களின் நடுப்பகுதி அது. அந்த ஊர்களுக்கு நல்ல இணைய இணைப்பு கிடையாது. கலிஃபோர்னியா பெர்க்லியில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு, வீட்டில் வைக்கும் மலிவான வைஃபை அட்டைகளையே உயரக் கம்பங்களில் ஏற்றி, திசை ஆன்டெனா பூட்டி, ஊரிலிருந்து ஊருக்கு இணைப்புக் கொடுத்தது. 2008ல் அக்குழு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின்படி, தேனி ஆஸ்பத்திரியோடு ஐந்து மையங்கள், ஒன்பது இணைப்புகள். மிக நீளமானது ஆண்டிப்பட்டிப் பக்கம் 15 கிலோமீட்டர்.

வைஃபை ஓர் அறைக்குள் பேசப் பிறந்த தொழில்நுட்பம். பேசுமுன் காது கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லை என்றால் பேசு, பேசியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திரு என்பது அதன் ஒழுக்கம். 15 கிலோமீட்டரில் இது செல்லாது. ஒலி அலை இல்லை, ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ அலைதான். அதற்கே போய்வர 100 மைக்ரோவிநாடி பிடிக்கும். சாதாரண வைஃபை அட்டை அவ்வளவு பொறுக்காது, தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். எதிர்முனையில் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டது இங்கே கேட்பதற்குள் இவரும் பேசத் தொடங்கிவிடுவார். இரண்டும் மோதி இரண்டும் கெடும். ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால் இன்னும் மோசம். ஒன்று கத்தும்போது பக்கத்து ஆன்டெனாவுக்குக் காது கேட்காது.

வழி கிடைத்தது கான்பூர் ஐ.ஐ.டி.யில். 2005ல் பாஸ்கரன் ராமனும் கமேஸ்வரி செப்ரோலுவும், ஒரு கம்பத்திலுள்ள ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசட்டும், பிறகு ஒரே நேரத்தில் கேட்கட்டும் என்று ஒரு முறையைக் கொடுத்தார்கள். பெர்க்லி குழு அதன்மேல் கட்டியதுதான் 'வைல்ட்நெட்'. காது கொடுத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, உனக்கு இவ்வளவு நேரம், எனக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்தார்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் ரசீது கேட்காமல் மொத்தமாக ஒரு ரசீது. அதே அட்டை, அதே கம்பம், அதே அலைவரிசை. போய்ச்சேர்ந்த தகவல் சாதாரண வைஃபையைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியது.

இதில் என்னைக் கவர்ந்தது முறையின் நீளத்தைப் பற்றிய பேரம். ஆளுக்கு நீண்ட முறை கொடுத்தால் மொத்தத்தில் அதிகத் தகவல் போகும், மாறி மாறிப் பேசும் இடைவெளியில் வீணாவது குறையும். ஆனால் காத்திருப்பும் நீளும், டாக்டரின் வீடியோ திக்கும். குட்டையான முறை என்றால் வீடியோ சீராக வரும், மொத்த அளவு குறையும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்ளும் வீடியோவுக்கு விநாடிக்குச் சில நூறு கிலோபிட் போதும், அந்தக் கொஞ்சம் தவறாமல் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். நூறு எம்.பி.பி.எஸ். விளம்பரம் எதிலும் இந்த "தவறாமல்" இருக்காது.

அந்தக் குழு ஒளிக்காமல் எழுதிவைத்த இன்னொன்று: அவர்களை அதிகம் அலைக்கழித்தது கிராமத்து மின்சாரம். மின்னழுத்தம் எகிறியும் விழுந்தும் கருவிகளைக் கெடுத்தது. மலிவான கரன்ட் தடுப்புக் கருவி செய்வதும், உள்ளூர்ப் பணியாளருக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் கணக்குச் சூத்திரத்துக்குச் சமமான வேலையாக இருந்தது. சேவைத் தரம் பற்றி மாநாட்டில் பேசுகிறவர்கள் ஒரு நடை ஆண்டிப்பட்டிக் கம்பத்தடிக்குப் போய்வரலாம்.

தெருவில் ஒரு ஷட்டர், கோபுரத்தில் ஒரு ஷட்டர்

கம்பம் காலம் போய் இப்போது ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் என்றால் வீட்டுக்கு வீடு தனி வழி என்று பலர் நினைக்கிறார்கள். பரவலாக உள்ள 'ஜிபான்' முறையில் ஓர் இழை தெருவில் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. இறங்கு வழியில் 2.5 ஜிகாபிட், ஏறு வழியில் 1.25 ஜிகாபிட், எல்லாம் அத்தனை வீட்டுக்கும் பொது. மேலே அனுப்ப ஒவ்வொரு வீட்டு மோடமும் முறைக்குக் காத்திருக்கிறது. எந்த மைக்ரோவிநாடியில் எந்த வீடு பேசலாம் என்று ஆபரேட்டரின் ஓ.எல்.டி. பெட்டி சொல்கிறது.

செல்போன் கோபுரத்திலும் இதேதான். 4ஜியில் மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அடுத்து யார் என்று முடிவாகிறது. இங்கே நியாயம் என்றால் என்ன என்ற கேள்வி கூர்மையாகிறது. கோபுரத்தடியில் நிற்பவருக்கு ஒரு மில்லிவிநாடியில் போகும் தகவல், களக்காட்டு மலையடிவாரத்தில் சிக்னல் ஓரத்தில் இருப்பவருக்குப் பத்து மில்லிவிநாடி பிடிக்கலாம். ஆளுக்குச் சமநேரம் கொடுத்தால் ஓரத்துக்காரருக்குத் தகவல் குறைவு. சமதகவல் கொடுத்தால் ஓரத்துக்காரர் ஒருவருக்காகக் கோபுரமே மந்தமாகும். வாய்க்காலில் மணிக்கணக்கில் முறை வைத்தாலும் இதே கதை. வழியெல்லாம் மண் உறிஞ்சியது போக மிஞ்சியதுதான் கடைமடைக்கு.

பொறியாளர்கள் நடுவழி ஒன்று பிடித்திருக்கிறார்கள். ஒருவருடைய சிக்னல் அவருடைய வழக்கமான நிலையைவிட எப்போது நன்றாக இருக்கிறதோ, அப்போது அவருக்கு முறை. அடுத்தவரோடு ஒப்பிடாமல் அவரோடே அவரை ஒப்பிடுகிறது. ஓரத்துக்காரர் பட்டினி கிடக்கமாட்டார், கோபுரமும் மந்தமாகாது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் கெல்லி 1990களில் வகுத்த விகித நியாயத்தின் செல்போன் வடிவம் இது. இதைவிட நல்ல சமரசம் இதுவரை வரவில்லை என்பதே என் கருத்து.

முறை வைப்பது யார்?

இதுவரை சொன்னது பங்கு. முன்னுரிமை என்று வந்தால் கை நடுங்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கியதும் யாருக்கும் மறந்திருக்காது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்துக்காகவே செல்போன் தொழில்நுட்பத்தில் சிம்களுக்கு வகுப்பு உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு 0 முதல் 9 வரை. 12, 13, 14 ஆகியவை பாதுகாப்புப் படை, மின்சாரம் குடிநீர் போன்ற பொதுச் சேவை, அவசர சேவை. நெரிசலில் கோபுரம் சாதாரண வகுப்புகளைக் கொஞ்ச நேரம் தடுத்துவிட்டு இவர்களை அனுமதிக்க முடியும். மீட்புப் படகுக்காரர் பேச நான் பத்து நிமிஷம் காத்திருப்பதில் எந்த அநியாயமும் இல்லை. கோபுரத்துக்குக் கரன்ட் இருந்தால்தான் இதெல்லாம் என்பது வேறு விஷயம்.

காசு கொடுத்த கம்பெனியின் வீடியோவுக்கு முன்னுரிமை என்பது அப்படிப்பட்டதில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8ல், பார்க்கும் உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று தடைபோட்டது. 2017 நவம்பரில், எல்லா உள்ளடக்கத்தையும் சமமாக நடத்தச் சொல்லும் வலைச் சமநிலைப் பரிந்துரைகளைக் கொடுத்தது, 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான மேலாண்மை செய்யலாம், ஆனால் அது வெளிப்படையாக இருக்க வேண்டும். தனிச் சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. 5ஜி வந்தபின் ஒரே வலையமைப்பைத் துண்டுதுண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு தரம் என்று விற்க முடியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு தந்தால் கைதட்டலாம். அதிகப் பணம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் தனித் துண்டு என்றால், பொதுத் துண்டில் மிச்சம் எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டுக்குள் எதற்கு முன்னுரிமை என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும், பாட்டியின் டாக்டர் காலா பேரனின் கேமா என்பது கம்பெனியின் வேலை இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கம்பெனி சமபங்கு வைக்கட்டும், என்ன ஓடுகிறது என்று எட்டிப்பார்க்க வேண்டாம். அவசர காலத்துக்கு மட்டும் அரசு எழுதிவைத்த முன்னுரிமை. இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் கெடும்.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் சோதனை. ஸ்பீட் டெஸ்டில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பல தளங்கள் இப்போது சும்மா இருக்கும்போதும் சுமை ஏறும்போதும் தாமதம் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுகின்றன. சும்மா 15 மில்லிவிநாடி, சுமையில் 400 என்றால் உங்கள் பஃபர் வீங்கியிருக்கிறது. பெரிய பிளான் வாங்கினாலும் அந்த வீக்கம் பெரும்பாலும் வடியாது.

மருந்து மலிவு. வரிசையை ஒழுங்காக நடத்தும் 'எஸ்.க்யூ.எம்.' வசதி உள்ள ரவுட்டர் வாங்கலாம், அல்லது பொருத்தமான ரவுட்டரில் ஓப்பன்வர்ட் என்ற இலவச மென்பொருளை ஏற்றலாம். அதில் ஏறு வேகம், இறங்கு வேகம் இரண்டையும் உண்மையில் கிடைப்பதைவிடப் பத்து சதவீதம் குறைத்துப் போடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் உண்டு. முழு வேகத்தில் விட்டால் வரிசை ஆபரேட்டரின் பெட்டியிலோ மோடத்திலோ தேங்கும், அங்கே உங்கள் சொல் செல்லாது. கொஞ்சம் குறைத்தால் வரிசை உங்கள் ரவுட்டருக்குள் தேங்கும், ஷட்டர் உங்கள் கைக்கு வரும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து முழுப் பேச்சையும் வாங்கிக்கொள்கிறீர்கள். அதுவும் முடியாதவர்கள் போட்டோ பேக்கப்பை ராத்திரி இரண்டு மணிக்கு மாற்றிவைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

வீட்டுக்கு வெளியே உள்ள ஷட்டருக்குக் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டு இணைப்புகளில் ஓர் இணைப்பின் அகலத்தை 50 பேருக்கு மேல் பங்கு போடாதீர்கள் என்று டிராய் 2009லேயே வழிகாட்டியது. பகிர்வது மோசடி இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதில்லை. எத்தனை பேருக்குப் பகிர்ந்தோம் என்பதை மறைப்பதுதான் மோசடி. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய சேவைத் தர விதிகள், நிறுவனங்கள் தங்கள் சேவையின் நிலவரத்தை இணையதளத்தில் போடச் சொல்கின்றன.

ஆகவே அடுத்த தடவை யாராவது பெரிய பிளான் விற்க வாசலுக்கு வந்தால், மேலே போகும் வேகம் எவ்வளவு, எத்தனை வீட்டுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர், இரவு ஒன்பது மணிக்கு உறுதியாக என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பிளானை மாற்றாதீர்கள், ஆளை மாற்றுங்கள்.